‘ஹாலு’ என்றால் ஹாலுக்கு ஓடியவள்

என் மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. மகப்பேறு விடுப்பும், அதற்குமேல் கேட்டு வாங்கிய சம்பளமில்லா விடுப்பும் முடிந்து நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள, துமகூரு பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா கிடைத்தார். கன்னடம் மட்டும்தான் பேசுவார். வீட்டில் எல்லோரும் அவரை அஜ்ஜி என்றே கூப்பிட்டோம்.

வந்த முதல் வாரமே அஜ்ஜி ஒரு குறை சொன்னார். பால் வேண்டுமா என்று கேட்டால் போதும், குழந்தை சமையலறையை விட்டு வெளியே ஓடிவிடுகிறாளாம். பின்னாலேயே போய்ப் பார்த்தால் முன்னறை நடுவில் நிற்கிறாளாம். டம்ளரைக் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். ரொம்பப் பிடிவாதம் என்றார்.

எனக்கும் புரியவில்லை. சனிக்கிழமை வீட்டில் இருந்தபோது என் கண்முன்னாலேயே அது நடந்தது. அஜ்ஜி அன்பாகக் குனிந்து, “ஹாலு பேக்கா?” என்றார். மகள் உடனே திரும்பி ஹாலுக்கு ஓடினாள்.

கன்னடத்தில் பாலுக்கு ஹாலு. எங்கள் வீட்டில் முன்னறைக்கு ஹால். “ஹால்ல போய் விளையாடு”, “ஹாலுக்கு வா” என்று ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்கிறோம். அவள் ஹாலுக்குப் போய் நின்று, அடுத்து என்ன செய்யச் சொல்வார்கள் என்று காத்திருந்திருக்கிறாள்.

அன்று இரவு நானும் கணவரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். விளக்கை அணைத்த பிறகுதான் மனசு உறுத்தியது. ஒரு வாரமாகச் சொன்ன பேச்சைக் கேட்ட குழந்தைக்குப் பிடிவாதக்காரி என்று பெயர் வைத்திருக்கிறோம். ‘நீங்கள் சொன்ன இடத்தில்தானே நிற்கிறேன்’ என்று எடுத்துச் சொல்ல அவளிடம் வார்த்தையும் கிடையாது. திங்கட்கிழமை அஜ்ஜியிடம், டம்ளரைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள் என்று சொன்னேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் என்னிடமே வந்து “ம்மா, ஹாலு” என்றாள்.

அன்றைக்கு ஒரு நோட்டு போட்டேன். இப்போது அவளுக்கு நான்கு வயது. நோட்டு நூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. அவள் மாற்றிச் சொன்ன சொல், தேதி, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, அதை யாரிடமிருந்து பிடித்திருப்பாள் என்ற என் ஊகம். இவ்வளவுதான் எழுதுவேன். கடைசியில் சொன்ன அந்த ஊகம் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. அவள் சொன்ன எந்த விநோதச் சொல்லுக்கும் ஒரு ஊற்று இருந்தது. பெரும்பாலும் அந்த ஊற்று எங்கள் வாய்தான்.

உதாரணமாக, பேச ஆரம்பித்த புதிதில் அவள் அப்பாவைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டாள். என் அத்தை மதுரைப் பக்கத்துக்காரர். மகனைத் தம்பி என்றுதான் அழைப்பார். பேத்தியும் அப்படியே பிடித்துக்கொண்டாள். இவர் அலுவலக அழைப்பில் இருக்கும்போது பின்னாலிருந்து “தம்பி, சாப்பு வா” என்று குரல் வரும். அதைத் திருத்த யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அத்தை மட்டும் அவள் பக்கத்தில் இருக்கும்போது “அப்பா எங்கடா தங்கம்? அப்பாவைக் கூப்பிடு” என்று பேச்சை மாற்றிக்கொண்டார். ஒரு மாதத்தில் தம்பி அப்பாவாகிவிட்டார்.

இன்னொன்று, ‘இந்தா’. ஏதாவது வேண்டுமென்றால் கையை நீட்டி “இந்தா, இந்தா” என்று அழுவாள். கொடுக்க வேண்டியவர்கள் சொல்லும் சொல்லை இவள் ஏன் சொல்கிறாள் என்று முதலில் விளங்கவில்லை. அவள் உயரத்துக்குக் குனிந்து யோசித்தால் விளங்கிவிடும். ‘இந்தா’ என்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் பிஸ்கட்டோ பொம்மையோ கைக்கு வருகிறது. அப்படியானால் அது பொருளை வரவழைக்கும் சொல்தானே? தூக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு கையையும் விரித்து “தூக்கட்டா?” என்பாள். நாங்கள் தினமும் அவளிடம் கேட்கிற கேள்வி அது. நான், நீ, கொடு, வாங்கு, வா, போ போன்றவை யார் வாயிலிருந்து வருகின்றன என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுபவை. இதில் குழந்தைகள் தடுமாறுவது சகஜம். மூன்று வயதுவாக்கில் பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும்.

இதற்கு நாங்கள் செய்தது, அவள் சொல்ல நினைத்ததை அவள் பக்கத்திலிருந்து சொல்லிக் காட்டியது. “‘அம்மா, தூக்கு’ங்கிறியா? இதோ வரேன்” என்று சொல்லிக்கொண்டே தூக்கிவிடுவேன். முதலில் தூக்கு, அப்புறம்தான் சொல். “சரியாச் சொன்னாத்தான் தூக்குவேன்” என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். மறுபடி அதைச் செய்யவில்லை.

நாங்கள் இருப்பது அல்சூர். ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை. 1950-ல் தொடங்கிய பெங்களூர் தமிழ்ச் சங்கம் நடந்து போகிற தூரம். தெருவில் தள்ளுவண்டிக்காரர் தமிழில் விலை சொல்வார், எதிர்வீட்டில் கன்னடம், மாடியில் தெலுங்கு, லிஃப்ட்டில் இந்தி. எனவே எங்கள் நோட்டில் பாதி, ஒரு மொழியின் சொல் இன்னொரு மொழியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த கதைகள்.

அஜ்ஜி அவளைச் ‘சின்னா’ என்று கொஞ்சுவார். அவள் காலை உதைத்துக்கொண்டு “சின்ன இல்ல! பெரிய பாப்பா!” என்று கத்துவாள். அஜ்ஜிக்கு எதற்குக் கோபம் என்றே தெரியாது, பாவம். கன்னடத்தில் சின்னா என்றால் தங்கம். “அஜ்ஜி உன்னைத் தங்கம்னு கூப்பிடுறாங்கடா” என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. அன்று சாயங்காலம் அஜ்ஜி கிளம்பும்போது “சின்னா, டாட்டா” என்று இவள் சொல்ல, அந்த அம்மாள் செருப்பைப் போட்டவர் மறுபடி உள்ளே வந்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

எதிர்வீட்டுப் பாட்டி லிஃப்ட்டில் பார்க்கும்போதெல்லாம் “ஊட்டா ஆய்த்தா?” என்று கேட்பார். சாப்பாடு ஆச்சா என்று நாம் கேட்பதுபோல ஒரு நலம் விசாரிப்பு. என் மகள் காதில் விழுந்தது ‘ஆய்’ மட்டும். “ஆய் வரல” என்று லிஃப்ட் நிறையக் கேட்கும்படி பதில் சொன்னாள். உள்ளே இருந்த இரண்டு தமிழ்ப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சாதாரணமாக, “பாட்டி ‘சாப்பிட்டியா’ன்னு கேக்குறாங்க. ஊட்டான்னா சாப்பாடு. சாப்பிட்டேன்னு சொல்லு” என்றேன். “ஊட்டா சாப்பு” என்றாள். பாட்டிக்கு அதுவே போதும். அந்த இடத்தில் அவள் என் முகத்தைப் பார்த்தாள் என்பதை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். காரணம், அதற்குச் சில மாதம் முன்பு நடந்த ஒன்று.

அவளுக்கு இரண்டு வயது மூன்று மாதம். ழ வராது. வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ என்பாள். இழுத்து, கண்ணை உருட்டி, இரண்டு ‘ய’வுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு சொல்வாள். அதைப் போனில் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டது நான்தான். பொங்கலுக்கு மதுரைக்குப் போனோம். வாசலில் இறங்கியதுமே ஆளாளுக்கு “எங்கே, வாயப்பயம் சொல்லு பார்ப்போம்!” என்றார்கள். முதல் தடவை சொன்னாள். கைதட்டல். இரண்டாம் தடவையும் சொன்னாள். மத்தியானம் பெரிய கூடமே நிறைந்திருந்தது. ஒரு உறவினர் பழத்தை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு “சொன்னாத்தான் தருவேன்” என்றார். அவள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். “சரியாக் கேக்கல, இன்னொரு தடவை” என்றார். மறுபடி சொன்னாள், கொஞ்சம் மெதுவாக. இன்னும் பெரிய சிரிப்பு. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அந்தச் சொல்லே அவள் வாயிலிருந்து வரவில்லை. பெங்களூருக்குத் திரும்பிய பிறகு பழம் வேண்டுமென்றால் விரலை நீட்டுவாள். ‘மயை’ என்று ஜன்னலைக் காட்டிக் கத்தியவள் மழை பெய்தாலும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த ஒலி தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று தெரிந்திருக்கிறது. ரசிக்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். அந்தக் குழந்தைக்குத் தெரிவது, நான் பழம் கேட்டேன், இருபது பேர் சிரித்தார்கள், பழம் வரவில்லை என்பது மட்டும்தான். எனக்கு இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது.

வீடியோவை அழித்தேன். உறவுக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் போனில் பேசி, இனி அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்றேன். சிலருக்குக் கோபம்தான், “குழந்தைகிட்ட விளையாடக்கூடாதா?” என்று. பரவாயில்லை. வீட்டில் நாங்கள் அந்தச் சொல்லை எங்களுக்குள் புழங்கினோம். “எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுங்க”, “இந்த வாழைப்பழம் ரொம்பக் கனிஞ்சிடுச்சு.” அவள் சொல்ல வேண்டும் என்று யாரும் அவள் வாயைப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றபோது என் கையை விட்டுவிட்டு, “அண்ணா, வாயப்பயம்” என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, “எத்தனை பாப்பா வேணும்?” என்று கேட்டார். “ரெண்டு.” இரண்டு பழத்தைப் பிய்த்து அவள் கையிலேயே கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதுபோல அவளுக்குப் பதில் சொன்னார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழி.

அப்படியானால் சிரிக்கவே கூடாதா என்று என் தங்கை கேட்டாள். சிரிக்காமல் இருக்கவும் முடியாது, இருக்கவும் வேண்டாம். நான் பழகிக்கொண்டது, அவள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவது. பதில் கிடைத்த பிறகு அவளும் சேர்ந்து சிரித்தால் அது அவளுடைய சிரிப்பும்கூட. “இன்னொரு தடவை சொல்லு” என்று மட்டும் கேட்பதில்லை. அடக்கவே முடியாத நேரத்தில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

ரயில் அவளுக்கு ‘லயில்’. ஒருநாள் ஆசையாக, “லயில் பாக்கப் போலாமா?” என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது. “லயில் இல்ல! லயில்!” என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. “ரயிலா?” என்றேன். “ஆமா, லயில்” என்று சமாதானமானாள். 1960-ல் ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதேபோல ஒன்றை எழுதினார்கள். ஒரு குழந்தை தன் பிளாஸ்டிக் மீனை ‘ஃபிஸ்’ என்றது. பெரியவர் “இது உன் ஃபிஸ்ஸா?” என்று கேட்டதும் இல்லை என்றது. “உன் ஃபிஷ்ஷா?” என்றதும் ஆமாம், என் ஃபிஸ் என்றது. குழந்தையின் காது அதன் நாக்குக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் படித்த பிறகு அவளுடைய மழலையை அவளிடமே திருப்பிப் பேசுவதை விட்டுவிட்டேன். அவள் மழலை பேசலாம், நான் சரியான சொல்லைச் சொல்கிறேன். ர, ற, ழ எல்லாம் தாமதமாகக் கைகூடும் ஒலிகள். “ழ சொல்லு, நாக்கை மடி” என்று இரண்டு வயதுக் குழந்தையைப் படுத்துவதில் ஒரு பலனும் இல்லை.

குதிரையை அவள் ‘குருதை’ என்றாள். எழுத்து இடம் மாறிவிட்டது என்று நோட்டில் எழுதினேன். “குதிரை டக் டக்னு ஓடுது” என்று பத்து நாள் விடாமல் எடுத்துக்கொடுத்தேன். மாறவில்லை. பதினோராம் நாள் அத்தை அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு, “ஏய், குருதை போகுது, குருதை போகுது” என்று பாடிக்கொண்டே ஹாலைச் சுற்றுகிறார். எனக்குப் பேச்சே வரவில்லை. அத்தை ஊரை ‘மருதை’ என்பார், குதிரையைக் ‘குருதை’ என்பார். குழந்தை பாட்டியின் சொல்லைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறாள். தசை சதையாகவும், விசிறி சிவிறியாகவும், கொப்பூழ் பொக்கூழாகவும் நிற்பதைப் பள்ளியில் இலக்கணமாகப் படித்தவள் நான். அதே வேலையை என் வீட்டு அப்பத்தாவும் பேத்தியும் செய்தபோது தப்பென்று எழுதிவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டு ‘அப்பத்தா சொல்’ என்று எழுதினேன். அத்தையிடம் எதையும் மாற்றச் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு இரண்டு சொல்லும் தெரியும். அப்பத்தாவிடம் குருதை, பள்ளியில் குதிரை.

இரண்டரை வயதில் வினைச்சொற்கள் வந்தன. “நான் விழுகுனேன்”, “டம்ளர் உடையுனுச்சு” என்பாள். வாங்கினேன், ஓடினேன், தூங்கினேன் என்று கேட்டுக் கேட்டு ஒரு விதியைக் கண்டுபிடித்து எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்க்கிறாள். இல்லாத ஒரு பிராணியை வரைந்து ‘வக்’ என்று பெயர் வைத்து, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டால் குழந்தைகள் ‘வக்ஸ்’ என்று பன்மை சொன்னதை அதே பெர்கோ 1958-ல் காட்டியிருக்கிறார். கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்வதாக இருந்தால் ‘விழுகுனேன்’ எப்படி வரும்? வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதே இல்லையே. “ஆமா, விழுந்துட்ட. எங்க அடிபட்டுச்சு?” என்பேன். இரண்டு மாதத்தில் ‘விழுந்தேன்’ வந்துவிட்டது.

எல்லாம் சிரிப்பாகவே வந்துவிடாது. என் கொழுந்தனை அவள் ‘செத்தப்பா’ என்றாள். சித்தப்பாவில் முதல் எழுத்து நழுவியதுதான். ஆனால் அத்தைக்கு உயிரே போய்விட்டது. “ஐயோ, வாயை மூடு, அப்படிச் சொல்லாதே” என்று ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார். அவர் பயம் எனக்குப் புரிகிறது; பெற்ற பிள்ளையைச் சொல்கிறபோது எந்தத் தாய்க்கும் பதறும். ஆனால் குழந்தைக்கு என்ன புரிந்திருக்கும்? இந்தச் சொல்லைச் சொன்னால் அப்பத்தா ஓடிவருகிறார். அடுத்த இரண்டு நாளும் கட்டில்மேல் ஏறி நின்று “செத்தப்பா! செத்தப்பா!” என்று குதித்தாள். நானும் கணவரும் அத்தையிடம் உட்கார்ந்து பேசினோம். “அத்தை, கேக்காத மாதிரி இருங்க. பதிலை மட்டும் சொல்லுங்க.” அத்தை அரைமனதோடு ஒத்துக்கொண்டார். அவள் கத்தினால் “சித்தப்பாவா? சித்தப்பா ஞாயித்துக்கிழமை வருவான், உனக்குப் பொம்மை வாங்கிட்டு வருவான்” என்று சாதாரணமாகச் சொல்வார். நாலே நாளில் குதிப்பு நின்றது. சொல் சரியாக இன்னும் சில வாரம் ஆனது. அதுவரை கொழுந்தனே “என்ன தங்கம்?” என்று அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு நாள் ரசம் சாதத்தைத் தள்ளிவிட்டாள். முந்தின நாள்வரை விரும்பிச் சாப்பிட்டது. வாய் அருகே கொண்டுபோனால் உடம்பே நடுங்கியது. பல் வருகிறதோ, வயிற்று வலியோ என்று பார்த்தோம். அப்புறம்தான் அவளே, “உள்ள புலி” என்றாள். காலையில் நான் அடுப்படியிலிருந்து “ரசத்துல புளி கூடிப்போச்சு” என்று சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. கணவர் சிரிக்கப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். பயப்படுகிற குழந்தைக்கு அது சொல்விளையாட்டே கிடையாது. டப்பாவிலிருந்து புளியை எடுத்துக் கையில் கொடுத்தேன். நக்கிப் பார்த்தாள், முகம் கோணியது. படப் புத்தகத்தில் புலியைக் காட்டினேன். “இது புலி, காட்டுல இருக்கும். இது புளி, டப்பால இருக்கும்.” அன்று ரசம் சாப்பிடவில்லை, மூன்று நாள் கழித்துச் சாப்பிட்டாள். விளக்கிவிட்டோமே, உடனே பயம் போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

கப்பன் பூங்காவின் பாலபவனில் ஓடும் குட்டி ரயிலுக்குப் புட்டாணி எக்ஸ்பிரஸ் என்று பெயர். கன்னடத்தில் புட்டாணி என்றால் குட்டி. அவள் அதைப் பட்டாணி ரயில் என்றாள், ஏறி உட்கார்ந்ததும் பட்டாணி எங்கே என்று கேட்டாள். வெளியே வந்து ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கிக் கொடுத்தோம். அந்தப் பெயரை மட்டும் திருத்தவே இல்லை. இப்போது நாங்கள் எல்லோருமே பட்டாணி ரயில் என்றுதான் சொல்கிறோம்.

மூன்று வயதில் ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்தோம். முதல் சந்திப்பிலேயே, மூன்று மொழியையும் கலக்கிறாள், குழம்பிப் போயிருக்கிறாள், வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றார்கள். பயந்துபோய்ப் பத்து நாள் அப்படியே செய்தோம். வீடு அமைதியாகிவிட்டது. அத்தை பேத்தியிடம் பேசுவதற்குத் தயங்கினார். “எனக்குத்தான் இங்கிலீஷ் வராதே, நான் பேசினா அவளுக்குக் கெடுதலாமே” என்று ஒரு நாள் கண் கலங்கினார். மறுநாளே பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருவரிடம் நேரம் வாங்கினோம்.

அவர் முக்கால் மணி நேரம் அவளோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். அப்புறம் எங்களிடம், எல்லா மொழியிலும் அவளுக்குத் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ணுங்கள் என்றார். ‘பெக்கு’ என்று பூனையைச் சொன்னாலும் அது ஒரு சொல்தான். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை, கலந்து பேசுவது நோயும் இல்லை. “பெக்கு பேக்கு, ஆனா பெரிசு வேணாம்” என்று அவள் சொன்னால் இரண்டு மொழியின் இலக்கணத்தையும் ஒரே மூச்சில் சமாளிக்கிறாள் என்று அர்த்தம். உங்களுக்கு எந்த மொழியில் மனசு விட்டுப் பேச வருமோ அதிலேயே பேசுங்கள் என்று அனுப்பினார். அன்று இரவே அத்தை கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கவனிக்க வேண்டியவற்றையும் அவர் சொன்னார், அதை இங்கே எழுதியாக வேண்டும். பொதுவாக இரண்டு வயதில் குழந்தை இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும். வெளியாட்களுக்கு இரண்டு வயதில் பாதி, மூன்று வயதில் முக்கால்வாசி, நான்கு வயதில் அநேகமாக எல்லாமே புரிய வேண்டும். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வராமலிருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலிருந்தால், இருந்த சொற்கள் எந்த வயதிலாவது போய்விட்டால், காத்திருக்காமல் காட்ட வேண்டும். முதலில் காதைச் சோதிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டினால், எல்லாம் மங்கலாகக் கேட்டு, குழந்தை கேட்டபடியே மங்கலாகத் திருப்பிச் சொல்லும். பெங்களூரில் நிம்ஹான்ஸிலும், மைசூரு மானசகங்கோத்திரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் இதற்கென்றே துறைகள் இருக்கின்றன. ‘பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க’ என்று தள்ளிப்போட்டு ஒரு வருடத்தை இழந்த பெற்றோரை எனக்குத் தெரியும்.

நோட்டில் எனக்கு மிகப் பிடித்த பக்கம், அவள் மூன்றரை வயதில் அஜ்ஜியிடம் பேசியது. “அஜ்ஜி, அல்லி ஹூனை!” ஜன்னலுக்கு வெளியே பூனை. பூனைக்குக் கன்னடத்தில் பெக்கு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வாரம் அவள் ஏதோ கண்டுபிடித்திருந்தாள். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, பாம்பு ஹாவு, புலி ஹுலி. அஜ்ஜியிடம் பேசும்போது ‘ப’வை எடுத்துவிட்டு ‘ஹ’ போட வேண்டும் போலிருக்கிறது! அப்படியே ஹூனை, ஹாட்டி, ஹாப்பா. பழைய கன்னடத்திலும் இவை ‘ப’வாகத்தான் இருந்தன, இடைக்காலத்தில் ‘ஹ’ ஆயின. மொழியறிஞர்கள் கல்வெட்டையும் சுவடியையும் பார்த்துச் சொன்னதை, பால் டம்ளரோடு உட்கார்ந்து ஒரு குழந்தை காதாலேயே தொட்டிருக்கிறாள். அஜ்ஜி “ஹூனை” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்து, “பெக்கு, சின்னா” என்றார். அவ்வளவுதான். நான் அடுப்படியில் நின்று தேதி எழுதினேன்.

போன மாதம் மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோவில் வந்துகொண்டிருந்தோம். அத்தை ஊரிலிருந்து அன்றுதான் வந்திருந்தார், மடியில் பை. டிரினிட்டி தாண்டியதும் அறிவிப்பு வந்தது: “முந்தின நில்தாண ஹலசூரு.” அத்தை பதறி எழுந்துவிட்டார். “முந்தின ஸ்டேசன்தானாம்மா அல்சூரு! தாண்டிட்டோமே, நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?” நான் வாயைத் திறப்பதற்குள் மகள் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பத்தா, உக்காரு. கன்னடத்துல முந்தின-ன்னா இனிமேதான் வரும்.”

அத்தை அவளையே பார்த்தார். “அப்படியாடி? நம்ம முந்தின இல்லையா அது?”

“இல்ல. அது வேற முந்தின” என்றாள். கதவு திறந்ததும் அப்பத்தாவின் கையைப் பிடித்து அவள்தான் இறக்கிவிட்டாள்.